பிள்ளையின் மூச்சும் நம்முடைய தவக்குலும்

போடிநாயக்கனூரில் ஒரு நாள் மஃரிபு தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பிறகு, ஒரு வாலிபர் மட்டும் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். 2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். அவர் ஜீப் டிரைவர். இருள் பிரியுமுன்பே தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டைக் கடந்து பூப்பாறைப் பக்கம் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்புகிறவர். நான்கு நாட்களாக அவர் மலைக்குப் போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"அஜ்ரத்து, ஒரு மசலா கேக்கணும்" என்று ஆரம்பித்தார். ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்த அவருடைய மனைவிக்கு இருபத்தொன்பதாவது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை. எடை 1,100 கிராம். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள்.

"மூக்குல ஒரு குழாய், வாயில ஒரு குழாய், கால்ல ஊசி. என் உள்ளங்கை அளவுதான் இருக்கு அஜ்ரத்து. அம்மா சொல்றாங்க, 'அல்லா நமக்குன்னு குடுத்திருந்தா நிக்கும், இல்லேன்னா போகும். பச்சைப் புள்ளயக் குத்திக் குத்தி வதைக்காம வீட்டுக்குக் கொண்டாந்துரு, தவக்குல் வையி'ன்னு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுத் தூக்கியாந்துட்டா எனக்குக் குத்தமா?"

நான் என்ன சொன்னேன்? "ஸப்ரு செய்யுங்கள் தம்பி. அல்லாஹ் போதுமானவன். டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள்" என்றேன். ஓத வந்த பிள்ளைகள் காத்திருந்தார்கள், எழுந்து போய்விட்டேன். சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. மறுநாள் மஃரிபுக்கு அவர் மறுபடியும் வந்தார். அதே தூண், அதே கேள்வி. அந்த இரண்டாவது வருகைதான் என்னைக் கிதாபைப் புரட்ட வைத்தது. அன்று அவரிடம் கொஞ்சமாகவும், பின்னர் நிதானமாகவும் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். மலையடிவாரத்தில் மட்டுமல்ல, எந்த ஊர் முஸ்லிம் வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம்.

மருந்து சாப்பிடாமலிருப்பது தவக்குல் ஆகுமா என்ற விஷயத்தில் நம் முன்னோர்கள் ஒரே குரலில் பேசவில்லை. நோய்க்கு மருந்து செய்து கொள்ளுங்கள், மருந்தில்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காணலாம். மறு பக்கத்தில், வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணியின் நிகழ்ச்சியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், புகாரியில் இருக்கிறது. தமக்காக துஆச் செய்யும்படி அந்த அம்மையார் கேட்டபோது, "பொறுத்துக் கொண்டால் சுவர்க்கம், வேண்டுமானால் குணமாக துஆச் செய்கிறேன்" என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். அம்மையார் பொறுமையையே தேர்ந்துகொண்டார்கள். வலிப்பு வரும்போது ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆக் கேட்டார்கள். அதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களும் மரண நோயில் வைத்தியரை அழைக்க வேண்டாம் என்று சொன்னதாகச் செய்தி உண்டு. ஆகவே ஒரு முஃமின் தன் நோய்க்கு மருந்தைக் கைவிட்டால் பாவி என்று நாம் சட்டென்று சொல்லிவிட முடியாது. அந்த ஜீப் டிரைவரின் தாயார் பேசியதற்கும் பின்னால் இப்படி ஒரு பழைய மரபின் நிழல் இருக்கிறது. அந்த அம்மாவை அறியாதவர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அம்மையார் பொறுத்தது யாருடைய உடலில்? தம்முடைய உடலில். ஸித்தீக் (ரலி) அவர்கள் வைத்தியரை வேண்டாமென்றது யாருடைய நோயில்? தம்முடைய நோயில். ஸப்ரு என்பது அவரவர் தம் மேனியிலும் தம் மனத்திலும் செய்கிற அமல். நோன்பை நான் உங்களுக்காக நோற்க முடியாதது போலத்தான் இதுவும். 1,100 கிராம் எடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் சிசு, "நான் பொறுத்துக் கொள்கிறேன், எனக்குச் சுவர்க்கம் போதும்" என்று யாரிடம் சொன்னது? அது சொல்லாதபோது அதன் சார்பாக நாம் எப்படிச் சொல்லிவிடுவது?

நம்முடைய ஹனஃபி சட்டத்தில் இதற்கு நேரான ஒரு மஸ்அலா இருக்கிறது. அன்று இரவு அது நினைவுக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தகப்பன் தன் சொத்து முழுவதையும் தர்மம் செய்யலாம். ஆனால் பருவமடையாத தன் பிள்ளைக்குச் சொந்தமான பொருளிலிருந்து ஒரு காசைக்கூட எடுத்து யாருக்கும் நன்கொடை கொடுக்க அவனுக்கு அனுமதியில்லை. வலீ என்கிற பொறுப்பாளி, பிள்ளைக்கு நன்மை தருவதை மட்டுமே செய்யலாம். அநாதையின் பொருளை மிக அழகிய முறையிலன்றி நெருங்காதீர்கள் என்று திருமறை இரண்டு இடங்களில் (6:152, 17:34) கட்டளையிடுகிறது. பிள்ளையின் காசை விட்டுக்கொடுக்கவே உரிமையில்லாதவனுக்கு, பிள்ளையின் மூச்சை விட்டுக்கொடுக்க உரிமை எங்கிருந்து வந்தது? பிள்ளை அமானிதம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அமானிதத்தின் பொருள் இதுதானே? பிறர் வைத்துவிட்டுப் போன பொருளைத் திண்ணையில் போட்டுவிட்டு, அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் அதற்கு யாரும் தவக்குல் என்று பெயர் வைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் தவக்குல் பாடத்திலும், பிறகு நம் நாட்டிலேயே ஔரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரியிலும், தீங்கை அகற்றும் காரணங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை, பசிக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர் போலப் பலன் நிச்சயமானவை. இரண்டாவது, பெரும்பாலும் பலன் தரும் மருந்துகள். மூன்றாவது, பலன் ஊகமாக மட்டும் இருப்பவை. முதல் வகையை விடுவது தவக்குல் ஆகாது. உயிருக்கு ஆபத்து என்னும்போது விடுவது ஹராம். இரண்டாம் வகையை ஒருவர் விட்டால் குற்றமில்லை. கேள்வி இதுதான்: க.விலக்கில் அந்தக் குழந்தைக்குச் செய்வது எந்த வகை?

குழாய்களையும் கம்பிகளையும் பார்த்து நாம் பயந்து போகிறோம். இது ஏதோ பெரிய வைத்தியம் என்று நினைக்கிறோம். ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டி என்ன செய்கிறது? சூடு தருகிறது. அந்த வயதில் தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லை; குளிர்ந்துபோனால் குழந்தை இறந்துவிடும். ஆகவே அது ஒரு போர்வை. வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய் என்ன செய்கிறது? பால் புகட்டுகிறது. முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு வாரம் ஆகும்வரை குழந்தைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒன்றுசேர வராது. ஆகவே அது ஒரு பாலாடை. மூக்குக் குழாய் காற்றை மெல்ல அழுத்தி அனுப்பி, சுவாசப்பை ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைக்கிறது. போர்வை, பால், காற்று. இவை மருந்தல்ல, பசிக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர் என்ற வகையையே சேர்ந்தவை. நிறைமாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் விட்டவனை நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் இங்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

நம் மலைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பச்சை ஏலக்காயைப் பறித்து ஸ்டோருக்குக் கொண்டு வந்த பிறகு, அதை உலர்த்துகிறவர் இரவெல்லாம் கண் விழிக்கிறார். சூடு ஏறினால் நிறம் போய்விடும். இறங்கினால் காய் பூத்துவிடும். எழுந்து எழுந்து பார்க்கிறார். அவருக்கு ஈமான் குறைவு என்று எவரும் சொன்னதில்லை. காய்க்கு அந்தக் காவல் வைக்கிறவர்கள், பிள்ளைக்கு வைத்தால் மட்டும் கத்ரோடு சண்டை போடுவதாகுமா? அம்வாஸ் கொள்ளைநோய்க் காலத்தில் உமர் (ரலி) அவர்கள் ஷாம் எல்லையிலிருந்து படையோடு திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அவன் விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். வீட்டுத் தொட்டில் கத்ரு என்றால், க.விலக்கின் கண்ணாடிப் பெட்டியும் கத்ருதான்.

"குறைப்பிள்ளைதானே" என்று சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. இது மார்க்கத்தின் பேச்சல்ல. சுமப்பதும் பால்குடி மறப்பதும் சேர்ந்து முப்பது மாதம் என்று ஒரு வசனமும் (46:15), பால் கொடுப்பது முழுமையாக இரண்டாண்டு என்று இன்னொரு வசனமும் (2:233) கூறுகின்றன. முப்பதில் இருபத்து நான்கு போக மீதி ஆறு. ஆறாம் மாதத்தில் பெற்ற ஒரு பெண்ணின் மீது பழி சுமத்தப்பட்டபோது, இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி அலீ (ரலி) அவர்கள் அவளைக் காப்பாற்றியதாகக் கிதாபுகளில் வருகிறது. அதிலிருந்து கர்ப்பத்தின் குறைந்த காலம் ஆறு மாதம் என்று இமாம்கள் சட்டம் வகுத்தார்கள். கண்ணாடிப் பெட்டியும் மூக்குக் குழாயும் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே, ஆறு மாதப் பிள்ளையை முழுப் பிள்ளையாக நம் சட்டம் எண்ணியிருக்கிறது! பிறந்து ஒரு குரல் அழுதுவிட்டு அடங்கினாலும் பெயர் வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஜனாஸா தொழ வேண்டும். அதற்கு வாரிசு உரிமையும் உண்டு. இறந்தால் முழு மனித மரியாதை கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு, உயிரோடிருக்கும்போது அரை மரியாதையா?

இதுவரை நான் சொன்னதை அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று இன்றும் சில சமயம் தோன்றுகிறது. "ஆண் பிள்ளையாக இருந்தால், இதே தவக்குலைத்தான் வீட்டில் சொல்லியிருப்பார்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் மேலே பேசவில்லை. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம் எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் என 81-ஆம் அத்தியாயம் சொல்கிறது. தந்தையிடம் கேட்பதாக அங்கே இல்லை; குழந்தையிடம் கேட்கப்படுகிறது. தந்தையின் பக்கம் திரும்பக்கூட விரும்பாத கோபம் அது என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். மண்ணைத் தோண்டினால்தான் புதைப்பது என்று எண்ணிவிடக் கூடாது. கடன், தூரம், ஜீப் ஓட்டாத நாட்களின் கூலி, அதோடு பெண் பிள்ளை என்பது. இவையெல்லாம் சேர்ந்து மனத்துக்குள் ஒரு முடிவைச் செய்துவிட்டு, அதன் மேல் தவக்குல் என்ற பச்சைத் துணியைப் போர்த்திவிடும். எந்தச் சமுதாயமும் இதற்கு விலக்கல்ல.

மறுநாள் க.விலக்கு போனேன். அதற்குக் காரணம் ஒரு ஹதீஸ்.

உஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் மகளார், தம் குழந்தை இறக்கும் தறுவாயில் இருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஸலாம் சொல்லி, எடுத்ததும் கொடுத்ததும் அல்லாஹ்வுக்கே உரியவை, எல்லாவற்றுக்கும் அவனிடம் தவணை உண்டு, பொறுமையாயிருந்து நன்மையை நாடட்டும் என்ற கருத்தில் பதில் அனுப்பினார்கள். அதைவிட உயர்ந்த ஆறுதல் மொழி உலகத்தில் கிடையாது. ஆனாலும் மகளார் சத்தியமிட்டு மறுபடியும் ஆளனுப்பினார்கள், வந்தே ஆக வேண்டுமென்று. பெருமானார் (ஸல்) அவர்கள், "சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேனே" என்று இருந்துவிடவில்லை. எழுந்தார்கள், போனார்கள். குழந்தை அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. அதன் மூச்சு இழுத்து இழுத்துச் சத்தமிட்டுக் கொண்டிருந்தது. அவர்களுடைய கண்களில் நீர் வழிந்தது. "இது என்ன?" என்று ஸஅத் (ரலி) அவர்கள் கேட்டதற்கு, அடியார்களின் உள்ளங்களில் அல்லாஹ் வைத்திருக்கும் இரக்கம் இது என்ற பொருளில் அருளினார்கள்.

இந்த ஹதீஸை எத்தனை மய்யித்து வீடுகளில் ஓதியிருக்கிறேன்! ஸப்ருச் செய்தியை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எழுந்து போனதை, கையில் வாங்கியதை, அழுததை விட்டுவிட்டேன். அந்த வாலிபரும் இரண்டு தடவை அல்லவா வந்தார்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் குழந்தை ஜைனப் (ரலி) அவர்களின் மகள் உமாமா என்று முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பை வைத்து இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் எழுதுகிறார்கள். உமாமா (ரலி) அன்று இறக்கவில்லை. பிழைத்து வளர்ந்தார்கள், ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குப் பிறகு அலீ (ரலி) அவர்களை மணந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தொழும்போது தோளில் சுமந்து, ஸஜ்தாவுக்கு இறக்கிவைத்து, எழும்போது மறுபடி தூக்கிக்கொண்ட பேத்தி அவர்கள்தான். மூச்சு இழுத்துக் கிடந்த ஒரு பெண் குழந்தை!

க.விலக்கில் குழந்தையை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் விடமாட்டார்கள், அது சரிதான். நோய்த்தொற்று அங்கே பெரிய எதிரி. தகப்பனாரை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி உள்ளே விட்டார்கள். பிறந்தவுடன் காதில் பாங்கு சொல்ல முடியாமல் போய்விட்டதே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஓதிவிட்டு வந்தார். அதற்கு உரத்த குரல் தேவையில்லை. அந்தக் காதுக்கு உரத்த சத்தம் ஆகவும் ஆகாது. தேன், சீனித் தண்ணீர், பேரீத்தம்பழம் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்று சொன்னார்கள். தஹ்னீக் நல்ல சுன்னத்துதான். பிள்ளையைக் கெடுக்கிற இடத்தில் சுன்னத்து இல்லை. ஏழாம் நாள் அகீகா முடியவில்லையானால் பதினான்கு, இருபத்தொன்று என்று தள்ளிப்போட இடமிருக்கிறது. அதற்குப் பிறகும் கொடுக்கலாம். பெயரை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், வையுங்கள் என்றேன். பிழைக்குமோ என்னவோ என்று பெயரில்லாமல் வைத்திருக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிரிவில் தாயின் பெயரை எழுதித்தான் குழந்தையை அடையாளம் காண்கிறார்கள். தகப்பன் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், பிறகு கையெழுத்துப் போட்டுத் தூக்கிவருவது அவ்வளவு எளிதாக இருக்காது.

பெரிய சிக்கல் தாயிடம் வந்தது. நாற்பது நாள் கழியாமல் பெண் வெளியே போகக் கூடாது, தீட்டோடு பிள்ளையைத் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நிஃபாஸின் உச்ச அளவு ஹனஃபியில் நாற்பது நாள், ஷாஃபியில் அறுபது நாள். அது தொழுகைக்கும் நோன்புக்கும் தாம்பத்தியத்துக்கும் உள்ள சட்டம். இரத்தம் முன்னதாக நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டியதுதான். நாற்பதை எண்ணிக்கொண்டு உட்காருவதற்கு ஆதாரமே கிடையாது. பிள்ளையைத் தொடுவதற்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முஃமினின் உடல் அசுத்தமாவதில்லை. தீட்டு என்ற சொல்லே நம்முடையதல்ல. அக்கம்பக்கத்திலிருந்து வந்து நம் வீட்டில் குடியேறிவிட்டது.

அந்தப் பெண்ணைத்தான் டாக்டர்கள் வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்றால், தாயின் வெற்று மார்பின் மேல் குழந்தையைப் படுக்கவைத்துத் துணியால் சேர்த்துக் கட்டி, மணிக்கணக்கில் வைத்திருப்பதற்கு. கங்காரு முறை என்கிறார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட்டு நோய் பரவிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையில், 1978-ல் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது இது. பணமில்லாத இடத்தில் பிறந்த வைத்தியம் இன்று பணக்கார நாடுகளிலும் நடக்கிறது. நம் நாடு உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்த எடை குறைந்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை நூற்றுக்குப் பன்னிரண்டு; நிலை சீராகும்வரை காத்திருந்து பிறகு அணைத்தவற்றில் ஏறக்குறைய பதினாறு. அந்த நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றியது தாயின் நெஞ்சு. அவளை வீட்டில் உட்காரவைத்துவிட்டு எதைக் காப்பாற்றுகிறோம்?

பால் விஷயத்திலும் ஒரு மஸ்அலா எழுந்தது. நான்காம் நாளும் தாய்க்குச் சரியாகப் பால் இறங்கவில்லை. தாய்ப்பால் வங்கியிலிருந்து கொடுக்கலாமா என்று கேட்டார்கள். 2015-ல் தமிழக அரசு மதுரை, தேனி உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய வங்கிகள் இவை. பால்குடி உறவு நமக்கு இரத்த உறவு போன்றது. ஹனஃபியில் கொஞ்சம் குடித்தாலும் உறவு ஏற்பட்டுவிடும், ஷாஃபியில் ஐந்து தடவை வேண்டும். யார் பால் என்று தெரியாமல் குடித்தால் நாளைக்கு உடன்பிறப்பையே மணந்துவிடும் அபாயம் உண்டென்று சொல்லி, 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி முஸ்லிம் நாடுகளில் இத்தகைய வங்கிகளை ஏற்படுத்துவதைத் தடுத்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு யூஸுஃப் கர்ளாவி அவர்கள், யாருடையதென்று அறியாத பாலின் சந்தேகத்தால் உறவு ஏற்படாது, உயிர் காப்பதே பெரிது என்று மாற்றிச் சொல்லியிருந்தார்கள். ஓர் ஊரின் பெண்கள் பால் கொடுத்த குழந்தை, யார் கொடுத்தது என்று தெரியவில்லையானால், அடையாளம் வெளிப்படாத வரை அவ்வூராரை மணப்பது செல்லும் என்று நம் ஹனஃபி நூல்களிலும் இருக்கிறது.

என் மனதுக்குப் பட்டதைச் சொன்னேன். முதலில் தாயின் பால். இரவு பகலாக இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பீய்ச்சினால்தான் அது ஊறும். அதற்கு அவள் பிள்ளையின் அருகில் இருக்க வேண்டும். அது போதாமல், குழந்தையின் குடலுக்கு மாட்டுப்பால் மாவு ஆகாது என்று டாக்டர் சொன்னால், வங்கிப் பாலை வாங்கிக் கொடுங்கள். கொடுத்தவர் யாரென்று சொல்வார்களானால் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் என்னோடு மாறுபடுகிற ஆலிம்கள் உண்டு; அவர்கள் கருத்துக்கும் மரியாதை உண்டு. ஹலீமா (ரலி) அவர்களின் பாலைக் குடித்து வளர்ந்த நாயகத்தின் உம்மத்து நாம். ஹுனைன் போரில் கைதியாக வந்த பால்குடிச் சகோதரி ஷைமாவை அடையாளம் கண்டதும் தம் மேல்துண்டை விரித்து உட்காரவைத்தார்கள் நபி பெருமானார் (ஸல்) அவர்கள். பிறர் பால் நமக்கு அச்சம் மட்டும் தருகிற விஷயமல்ல. நல்லவேளை, மார்போடு அணைக்க ஆரம்பித்த இரண்டாம் நாளே அந்தப் பெண்ணுக்குப் பால் இறங்கிவிட்டது. வங்கிக்கு வேலை வரவில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் தாய் அங்கே இருந்து சாப்பிட வேண்டும். தகப்பன் மலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. ஜகாத்துப் பணத்தை நோன்பு மாதத்தில் பத்துப் பத்து ரூபாயாகச் சில்லறை மாற்றி இறைப்பதைவிட, இப்படி ஒரு குடும்பத்தை ஒன்றரை மாதம் தாங்குவது மேல் என்று ஜமாஅத்தில் சொன்னேன். நிர்வாகிகள் ஏற்றுக்கொண்டார்கள். சண்டை இல்லாமல் முடிந்த கூட்டம் அது ஒன்றுதான்.

நான் எழுதியதை வைத்து, எந்த நிலையிலும் இயந்திரத்தை எடுக்கவே கூடாது என்று யாரும் விளங்கிக் கொள்ள வேண்டாம். அதே பிரிவில் வேறொரு குடும்பத்தின் குழந்தைக்கு மூளைக்குள் பெருமளவு இரத்தம் கசிந்துவிட்டது. இனி எதுவும் பலன் தராது, சாவைத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்று டாக்டர்கள் கூடிப் பேசிச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தகப்பனாரும் என்னைக் கேட்டார். மூளையின் இயக்கம் முழுவதும் மீளாமல் நின்றுவிட்டதென்று நிபுணர்கள் தீர்மானித்தால் கருவிகளை நீக்கலாம் என்று 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய அகாடமி முடிவு செய்திருக்கிறது. அந்த எல்லையை எட்டாத குழந்தைகளின் விஷயம் கடினமானது. ஆனாலும் பலனில்லை என்று நிச்சயமான ஒன்றை நிறுத்துவது, போர்வையையும் பாலையும் பிடுங்குவதாகாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, இது பிள்ளைக்கு நன்மையா என்பது ஒன்றுதான். நமக்கு வசதியா என்பதல்ல. தாயின் மடியில் அந்தக் குழந்தை இரண்டு மணி நேரம் இருந்து அடங்கியது. தகப்பன் வாய்விட்டு அழுதார். பக்கத்திலிருந்த ஒருவர் ஸப்ரு, ஸப்ரு என்று தோளைத் தட்டினார். அழட்டும், விடுங்கள் என்றேன். மகனார் இப்ராஹீம் மடியில் உயிர் விட்டபோது நபி பெருமானாரே (ஸல்) அழுதிருக்கிறார்கள்.

1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. எடை இரண்டு கிலோவுக்கு மேல், நம் ஜீப் டிரைவரின் மகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலகத்தின் சிறந்த டாக்டர்கள் எல்லாரும் இருந்தும், சுவாசப்பை ஒட்டிக்கொள்ளும் நோயால் முப்பத்தொன்பது மணி நேரத்தில் இறந்துவிட்டது. அந்த நோய்க்கு நேரடி மருந்தைப் பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் 1980-ல் அறிவித்தார். அதுவரை அந்த மருந்து மனிதர் அறிவுக்கு எட்டவில்லை; எட்டிய பிறகு க.விலக்கு வரை வந்திருக்கிறது. வல்லரசின் தலைவருக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கும்போது அதைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதா?

நாற்பத்தெட்டாம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் ஒரு தடவை கண் பரிசோதனை முடிந்திருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகக்கூடும். பிறந்து முப்பது நாளுக்குள் முதல் பரிசோதனை ஆகிவிட வேண்டும், பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில் தவறாமல் காட்ட வேண்டும். பிழைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் பலர் இதை மறந்து, பிள்ளையைக் குருடாக்கிவிடுகிறார்கள். அமானிதம் ஆஸ்பத்திரி வாசலோடு முடிவதில்லை. ஜீப் டிரைவர் அந்தத் தேதிகளையெல்லாம் தன் வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார்.

அகீகாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். போனபோது கூடத்தில் பாய் விரித்திருந்தது, குழந்தையைக் காணோம். தொட்டிலும் காலியாக இருந்தது. உள்ளறைச் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, குழந்தையின் நன்னி உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டுத் தூக்கி வா என்று சொன்ன அதே அம்மா. மேலே முக்காடிட்டுப் போர்த்தியிருந்த சேலைக்குள், நெஞ்சோடு ஏதோ அசைந்தது. மருமகள் இரவெல்லாம் வைத்திருந்து களைத்துத் தூங்குகிறாளாம். பகலில் இவர் முறையாம். நான் வாசற்படியருகில் நின்று, துஆவை ஆரம்பிக்கத் தொண்டையைச் செருமினேன்.

"சத்தமா ஓதாதீங்க அஜ்ரத்து" என்றார் அந்த அம்மா. "இப்பத்தான் கண்ணசந்துச்சு."